மெம்பிரேனுக்குள் போகும் முன் கழிவுநீரைப் பக்குவப்படுத்துவது எப்படி? பெங்களூரு அபார்ட்மெண்ட்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2024 கோடையில் பெங்களூருவில் இருந்தவர்களுக்குத் தண்ணீர் லாரிக்காகக் காத்துக் கிடந்தது மறக்காது. போர்வெல்கள் வற்றின, லாரி விலை ஏறியது. அந்த மார்ச் மாதத்தில்தான் அபார்ட்மெண்ட்டுகள் தாங்கள் சுத்திகரித்த நீரில் பாதி வரை வெளியே விற்கலாம் என்று கர்நாடக அரசு அனுமதி கொடுத்தது. அதிலிருந்து ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு, எலக்ட்ரானிக் சிட்டி என்று எங்கே போனாலும் அசோசியேஷன் கூட்டத்தில் ஒரே பேச்சு: "நம்ம எஸ்டிபிக்கு ஒரு யூஎஃப் போட்டுடலாமா? ஆர்ஓவும் சேர்த்தே போட்டுடலாமா?" எஸ்டிபி என்பது கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலை. யூஎஃப் (அல்ட்ராஃபில்ட்ரேஷன்), ஆர்ஓ (ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ்) இரண்டும் மெம்பிரேன் என்கிற மெல்லிய வடிகட்டிப் படலம் வழியாகத் தண்ணீரைத் தள்ளிச் சுத்தம் செய்பவை. ஆர்ஓ கரைந்த உப்பையும் பிடிக்கும்.

ஆசை நியாயமானதுதான். காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய அரை கிலோமீட்டர் உயரம் பம்ப் ஆகி இந்த ஊருக்கு வருகிறது. அவ்வளவு பாடுபட்டு வந்த தண்ணீரை ஒரே ஒரு தடவை பயன்படுத்திவிட்டுச் சாக்கடையில் விட மனசு வராது. சென்னை கோயம்பேட்டில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை யூஎஃப், ஆர்ஓ வழியாகச் சுத்தம் செய்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு 2019 முதல் அனுப்புகிறார்கள். நம் ஆட்கள் செய்து காட்டிய வேலைதான் இது.

இந்த ஊரில் எஸ்டிபி ஓட்டுவதும் பழுது பார்ப்பதுமே என் பிழைப்பு. மெம்பிரேன் வாங்கப் போகும் ஒவ்வொரு கமிட்டியிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: மெம்பிரேன் அழுக்கை அழிக்காது, வழிமறிக்கும். வழிமறித்த அழுக்கு அதன் மேலேயேதான் உட்காரும். முன்னால் இருக்கிற தொட்டிகள் செய்யாமல் விட்ட வேலையை அதன் தலையில் கட்டினால், ஐந்து வருடம் ஓட வேண்டியது ஐந்து மாதத்தில் குப்பைக்குப் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் மெம்பிரேனைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். அதற்கு முன்னால் நடக்க வேண்டியதைப் பற்றித்தான் நிறைய.

எதற்கு இந்தத் தண்ணீர்?

கழிவறை ஃப்ளஷ், தோட்டம், தரை கழுவுவது இவற்றுக்கு மட்டும் என்றால் யூஎஃப் போதும். யூஎஃப் துளை 0.01 முதல் 0.1 மைக்ரான். கலங்கல் நிற்கும், பாக்டீரியா நிற்கும், கரைந்த உப்பு மட்டும் நிற்காமல் போய்விடும். ஃப்ளஷ் தண்ணீரில் உப்பு இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கூலிங் டவர், பாய்லர், லாண்டரி, அல்லது வெளியே தொழிற்சாலைக்கு விற்பது என்று வரும்போதுதான் ஆர்ஓ தேவை.

ஆர்ஓ போடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும்: ரிஜெக்ட், அதாவது ஆர்ஓ ஒதுக்கித் தள்ளும் உப்புத் தண்ணீர், எங்கே போகும்? கழிவுநீரில் 70 முதல் 75 சதவீதம்தான் நல்ல தண்ணீராக எடுக்க முடியும். நாளுக்கு 100 கிலோலிட்டர் உள்ளே விட்டால் 25 கிலோலிட்டர் உப்புச் செறிந்த தண்ணீராக வெளியே வரும். அதைத் திரும்ப எஸ்டிபியின் முதல் தொட்டியிலேயே விட்டுவிடுகிறவர்கள் பலர். அது தவறு. உப்புக்கு வெளியேறும் வழியே இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்து, வாரத்துக்கு வாரம் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) ஏறும். கடைசியில் ஆர்ஓவும் தாங்காது, ஏரேஷன் டேங்கில் அழுக்கைத் தின்பதற்காகக் காற்று ஊதி வளர்க்கும் நுண்ணுயிர்களும் தாங்காது. ரிஜெக்டுக்கு வழி கிடைக்கும் வரை ஆர்ஓவைத் தள்ளிப் போடுங்கள்.

உங்கள் கழிவுநீர் எப்படிப்பட்டது?

ஒரே ஒரு பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பினால் போதாது. காலை ஆறு முதல் பத்து மணி வரை வரும் தண்ணீர் ஒரு மாதிரி, மதியம் மூன்று மணிக்கு வருவது வேறு மாதிரி, ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் நாளில் இன்னொரு மாதிரி. ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு என இரண்டு நாட்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிடித்து, கலந்து அனுப்புங்கள். பிஓடி, சிஓடி (இரண்டும் கரிம அழுக்கைக் காட்டும் அளவுகள்), மிதக்கும் திடப்பொருள், எண்ணெய், அம்மோனியா இவை எல்லா லேபும் பார்ப்பார்கள். பாஸ்பேட், கடினத்தன்மை, காரத்தன்மை, இரும்பு, மாங்கனீசு, சிலிக்கா இவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஆர்ஓவில் தொல்லை கொடுப்பவை இந்த இரண்டாவது கூட்டம்தான்.

பெங்களூருவில் இது ஏன் முக்கியம் என்றால், வருடம் முழுவதும் ஒரே தண்ணீர் வருவதில்லை. காவிரித் தண்ணீரில் உப்பு குறைவு. கிரானைட் பாறைக்குள்ளிருந்து வரும் போர்வெல் தண்ணீரில் கடினத்தன்மையும் சிலிக்காவும் அதிகம். லாரித் தண்ணீர் எந்தப் போர்வெல்லில் பிடித்தது என்று லாரிக்காரருக்குத்தான் தெரியும். மழைக்காலத்தில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து வடிவமைத்துவிட்டு ஏப்ரலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கோடை ரிப்போர்ட்டும் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று, வடிவமைப்பில் பலர் மறந்துபோவது சாஃப்ட்னர். கடின நீர் வருவதால் அபார்ட்மெண்ட்டில் சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். அதை ரீஜெனரேட் செய்யும்போது, அதாவது உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிக்கும்போது, அந்தக் கரைசல் மொத்தமாக எஸ்டிபிக்குள் கொட்டும். நுண்ணுயிர்களுக்கு அது திடீர் அதிர்ச்சி, ஆர்ஓவுக்கு வீண் பாரம். அந்தக் குழாயைத் தனியாகப் பிரித்து ஆர்ஓ ரிஜெக்ட் போகும் வழியிலேயே சேர்த்துவிடுங்கள்.

எண்ணெயும் தலைமுடியும்

தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றுகிற வழக்கம் எல்லா மொழிக்காரர் வீட்டிலும் இருக்கிறது. எண்ணெய் படிந்த மெம்பிரேன் மேல் தண்ணீர் ஒட்டவே ஒட்டாது. ஆர்ஓவுக்குப் போகும் தண்ணீரில் எண்ணெய் 0.1 பிபிஎம்முக்குள் (ஒரு பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) இருக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட இல்லாமலே இருக்க வேண்டும். சமையலறைக் குழாய்கள் வந்து சேரும் இடத்தில் கிரீஸ் டிராப் (எண்ணெயைத் தனியே பிடித்து நிறுத்தும் தொட்டி) வையுங்கள், வாரம் ஒருமுறை மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை வழித்து எடுங்கள். டிராப் நிரம்பிவிட்டால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். பண்டிகைக்கு முன்னால் லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டி, பழைய எண்ணெயைச் சேகரிக்கக் கேன் வைத்த அபார்ட்மெண்ட்டுகளில் நல்ல பலன் பார்த்திருக்கிறேன்.

முடி இன்னும் மோசம். 10 மில்லிமீட்டர் கம்பிச் சல்லடை அதைப் பிடிக்காது. நீளவாக்கில் திரும்பி நழுவிவிடும். யூஎஃப், எம்பிஆர் (ஏரேஷனோடு சேர்ந்தே இயங்கும் மெம்பிரேன் முறை) இரண்டிலும் மெம்பிரேன் குழல் போன்ற இழைகளாக இருக்கும், அந்த இழைகளில் அது சுற்றிக்கொண்டு, பஞ்சும் நாரும் சேர்ந்து கயிறு போல முறுக்கிக்கொள்ளும். எந்தக் கெமிக்கலும் அதைக் கரைக்காது, கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். 1 முதல் 2 மில்லிமீட்டர் நுண்சல்லடை கட்டாயம். அதிலும் நீள வெட்டு உள்ளதைவிட வட்டத் துளை உள்ள தகடே முடியைப் பிடிக்கும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஈக்வலைசேஷன் டேங்க்

காலை நேர வெள்ளத்தைப் பிடித்து வைத்து நாள் முழுக்க ஒரே சீராக அனுப்புவது இதன் வேலை. சராசரி வரத்தில் 6 முதல் 8 மணி நேரம் தாங்கும் அளவு இருக்கட்டும். நாளுக்கு 100 கிலோலிட்டர், 20 மணி நேரம் ஓட்டம் என்றால் மணிக்கு 5 கிலோலிட்டர். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த 5-ஐ வைத்துத்தான். நாறாமல் இருக்க அடியில் காற்று விடுங்கள். மழைநீர் வடிகால் எதுவும் இதற்குள் வரவில்லை என்பதை ஒரு மழை நாளில் நேரில் நின்று பாருங்கள்.

ஏரேஷன்: பாதி விஷயம் இங்கேதான் முடிவாகிறது

சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்டில் யூஎஃப் போட்டு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தினமும் காலையில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, கெமிக்கல் போட்டுக் கழுவினால் இரண்டு நாள் தாங்குகிறது, மறுபடி அதே கதை. மெம்பிரேன் மட்டம் என்று கமிட்டி முடிவுகட்டிவிட்டது. நான் லாக்புக்கைப் புரட்டினேன். இரவு பதினொன்று முதல் காலை ஐந்து வரை ப்ளோயரின் (தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரம்) ஆம்பியர் கட்டம் காலியாக இருந்தது. ஆபரேட்டர் கிருஷ்ணகிரிப் பையன், தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அண்ணா, ராத்திரி ப்ளோயரை நிறுத்தச் சொல்லிட்டாங்க. கரண்ட் பில்லு ஜாஸ்தியாம்."

காற்று இல்லாமல் ஆறு மணி நேரம் கிடந்த நுண்ணுயிர்கள் சோறுதண்ணி இல்லாத ஆள் மாதிரி துவண்டுவிடும். கஷ்டத்தில் அவை கஞ்சி போல ஒரு வழவழப்பான பொருளைச் சுரக்கும். மெம்பிரேன் மேல் பசை மாதிரி ஒட்டுவது அதுதான். மண்ணோ தூசியோ ஒட்டினால் பேக்வாஷில், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் தள்ளிக் கழுவும்போது, போய்விடும், இந்தப் பசை போகாது. ப்ளோயரை இரவிலும் ஓடவிட்டு, வேகத்தை மட்டும் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வைத்துக் குறைத்தோம். மூன்றாவது வாரம் அழுத்தம் பழைய நிலைக்கு வந்தது. மெம்பிரேனைத் தொடவே இல்லை.

இந்தத் தொட்டியில் தினமும் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போகக் கூடாது. பிஎச் 7 முதல் 8. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் 7.14 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். காவிரித் தண்ணீர் மட்டும் வரும் மாதங்களில் காரத்தன்மை போதாமல் பிஎச் சரியும். அப்போது கொஞ்சம் சோடா ஆஷ் போட வேண்டி வரும்.

அப்புறம் ஒரு லிட்டர் அளவு ஜாடி டெஸ்ட். ஏரேஷன் தண்ணீரை ஜாடி நிறையப் பிடித்து அசையாமல் வையுங்கள். ஐந்து நிமிடத்திலேயே சேறு ரசத்து அடிமண்டி போலத் திரண்டு இறங்க ஆரம்பிக்க வேண்டும், மேலே நிற்பது தெளிய வேண்டும். முப்பது நிமிடம் கழித்துச் சேற்றின் உயரம் 250 முதல் 400 மில்லிக்குள் நின்றால் நல்லது. சேறு 300, தொட்டியில் திடப்பொருள் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்றால், 300-ஐ 3,000-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள், 100 வரும். 80 முதல் 150 வரை ஆரோக்கியம். 200-ஐத் தாண்டினால் நூல் போன்ற பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம், சேறு இறங்காமல் கிளாரிஃபையரை (அடுத்து வரும், சேறு அடியில் படியும் தொட்டி) தாண்டி வழியும். சேறு சீக்கிரம் இறங்கியும் மேல் தண்ணீர் மங்கலாக, தூள் தூளாக இருந்தால் சேறு கிழடாகிவிட்டது, தினமும் கொஞ்சம் வெளியே எடுங்கள்.

கிளாரிஃபையரிலிருந்து வெளிவரும் தண்ணீரில் பிஓடியும் மிதக்கும் திடப்பொருளும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டாமல், அம்மோனியா 5-க்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இதை எட்டாமல் அடுத்த கட்டத்துக்குச் செலவு செய்யாதீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. எந்தத் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்காதீர்கள். அடித்தளத்தில் இருக்கும் மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கும். செறிவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தையே உணராது, ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார், காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவார். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். சேறு எடுக்க உறிஞ்சு லாரி வரட்டும், பம்ப் பழுதானால் வெளியே தூக்கிப் பழுது பார்க்கும்படி செயினும் கைடு ரெயிலும் முதலிலேயே போட்டு வையுங்கள்.

படிகாரமா, பிஏசியா? ஜாடியில் போட்டுப் பாருங்கள்

நல்ல கிளாரிஃபையர் தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் மிதக்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை தானாக இறங்காது. படிகாரம், பாலி அலுமினியம் குளோரைடு (பிஏசி), ஃபெரிக் குளோரைடு இவற்றில் ஏதாவது ஒன்றைப் போட்டால் திரளும். ஊரில் கிணற்றுத் தண்ணீர்க் குடத்தில் படிகாரத்தைச் சுற்றுவார்களே, அதே வேலைதான். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு வரும். பெள்ளந்தூர் ஏரி நுரை தள்ளியதற்குச் சோப்புத்தூளும் அதோடு வரும் பாஸ்பேட்டும் ஒரு காரணம். அதே பாஸ்பேட் ஆர்ஓவுக்குள் போனால் கால்சியத்தோடு சேர்ந்து கெட்டியான படிவமாகும்.

எவ்வளவு போடுவது என்று சப்ளையரைக் கேட்காதீர்கள், உங்கள் தண்ணீரைக் கேளுங்கள். 10 கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரையுங்கள். இந்தக் கரைசலில் 1 மில்லி எடுத்து ஒரு லிட்டர் கழிவுநீரில் விட்டால் அது 10 பிபிஎம். ஆறு ஜாடிகளில் 10, 20, 30 என்று 60 வரை விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு பதினைந்து நிமிடம் பூக்கள் (திரண்ட துகள் கட்டிகள்) உடையாதபடி மெல்லவும் கலக்குங்கள். அரை மணி நேரம் விட்டுவிட்டு, மேல் தண்ணீரை ஃபில்டர் பேப்பரில் வடித்துக் கலங்கலை அளந்து பாருங்கள். வடித்த பிறகு அளப்பதுதான் முக்கியம், ஏனென்றால் அடுத்து வரப்போவது ஃபில்டர். 20-லிருந்து 30-க்குப் போகும்போது கலங்கல் நன்றாகக் குறைந்து, 40-ல் பெரிய மாற்றம் இல்லை என்றால் உங்கள் அளவு 30. ஒவ்வொரு ஜாடியிலும் பிஎச்சையும் பாருங்கள். படிகாரம் 6 முதல் 7-க்குள் நன்றாக வேலை செய்யும். 8-ல் ஓட்டினால் அலுமினியம் கரைந்தே இருந்து, தப்பிப் போய், ஆர்ஓ மேல் படியும். பிஎச்சைக் கீழே கொண்டுவர முடியாதென்றால் ஃபெரிக்கோ பிஏசியோ போட்டுப் பாருங்கள்.

மணிக்கு 5 கிலோலிட்டர், 30 பிபிஎம் என்றால் மணிக்கு 150 கிராம் படிகாரம். 10 சதவீதக் கரைசலாக வைத்திருந்தால் டோசிங் பம்ப் மணிக்கு ஒன்றரை லிட்டர் தள்ள வேண்டும். பம்ப்பின் டயலை நம்பாமல், உறிஞ்சு குழாயை அளவு ஜாடிக்குள் விட்டுப் பத்து நிமிடத்தில் 250 மில்லி இறங்குகிறதா என்று பாருங்கள்.

பாலிமர் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். பூ பெரிதாகத் திரளட்டும் என்று கேட்டயானிக் பாலிமர் போடச் சொல்வார்கள். ஆர்ஓ மெம்பிரேனின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது, நேர்மின்னூட்டமுள்ள அந்தப் பாலிமர் அங்கே போய் ஒட்டினால் பெரும்பாலும் கழுவி எடுக்கவே முடியாது. போதாக்குறைக்கு, ஆன்டிஸ்கேலன்டோடு (ஆர்ஓவில் உப்புப் படியாமல் தடுக்கும் மருந்து) சேர்ந்து கோந்து மாதிரி ஆகிவிடும். சேறு பிழியும் இடத்தில் பாலிமர் தாராளமாகப் போடுங்கள், பிழிந்த தண்ணீர் நேரே ஃபில்டர் பக்கம் போகாமல் ஈக்வலைசேஷனுக்குத் திரும்பட்டும்.

மணல் ஃபில்டரும் கார்பனும்

மல்டிமீடியா ஃபில்டரில், அதாவது மணல் ஃபில்டரில், தண்ணீர் மணிக்கு 10 மீட்டர் வேகத்துக்கு மேல் போக வேண்டாம். 5 கிலோலிட்டருக்கு அரைச் சதுர மீட்டர் பரப்பு வேண்டும், அதாவது 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெசல். செலவைக் குறைக்கிறேன் என்று 50 சென்டிமீட்டர் வெசலைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், கவனம். முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் அரை பார் ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கள், ஏறாவிட்டாலும் தினம் ஒருமுறை செய்யுங்கள்.

கார்பன் ஃபில்டரை ஆர்ஓவுக்கு நேர் முன்னால் வைப்பதை நான் விரும்புவதில்லை. குளோரினைப் பிடிக்கும், வாசனையைப் பிடிக்கும், அதெல்லாம் சரி. ஆனால் குளோரின் போன பிறகு ஈரமும் உணவும் இருக்கிற அந்தக் கரிப் படுக்கை பாக்டீரியாவுக்கு நல்ல வீடு. அங்கே வளர்ந்தவை நேரே ஆர்ஓவுக்குக் குடிபோகும். ஏற்கெனவே இருந்தால் யூஎஃப்புக்கு முன்னால் நகர்த்திவிடுங்கள்.

யூஎஃப்

யூஎஃப் வாசலில் 100 முதல் 200 மைக்ரான் டிஸ்க் ஃபில்டர் வையுங்கள். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு பேக்வாஷ், நாளுக்கு ஒருமுறை ஹைப்போ (குளோரின் கரைசல்) கலந்த பேக்வாஷ். பிவிடிஎஃப் பிளாஸ்டிக்கால் ஆன இழைகள் குளோரினைத் தாங்கும். வெளிவரும் தண்ணீரின் கலங்கல் 0.1 என்டியுவுக்குக் (கலங்கலை அளக்கும் அலகு) கீழே இருக்க வேண்டும். திடீரென்று ஏறினால் இழை அறுந்திருக்கும், காற்றழுத்தம் கொடுத்து எந்த மாட்யூல் என்று கண்டுபிடியுங்கள். யூஎஃப்புக்கும் ஆர்ஓவுக்கும் நடுவில் வைக்கும் தொட்டி சிறியதாக, மூடியதாக, வெளிச்சம் புகாததாக இருக்கட்டும். அங்கே ஒரு நாள் தேங்கினால் அதுவரை செய்த பாடெல்லாம் பாழ்.

குளோரின்

யூஎஃப்புக்கு நல்லது செய்யும் குளோரின்தான் ஆர்ஓவுக்கு எமன். ஆர்ஓவின் பாலிஅமைடு படலம் ஏறக்குறைய 200 முதல் 1,000 பிபிஎம்-மணி (குளோரின் பிபிஎம்மை மணி நேரத்தால் பெருக்கியது) வரைதான் தாங்கும். 0.5 பிபிஎம் குளோரின் தொடர்ந்து போனால் பதினேழாவது நாளிலேயே சேதம் ஆரம்பிக்கலாம், அதிகபட்சம் மூன்று மாதம் தாங்கும். அறிகுறியும் ஏமாற்றும். தண்ணீர் அளவு கூடும், "நல்லா ஓடுது சார்" என்பார்கள், கூடவே டிடிஎஸ்சும் ஏறிக்கொண்டிருக்கும்.

குளோரினை முறிக்க எஸ்எம்பிஎஸ் (சோடியம் மெட்டாபைசல்ஃபைட்) போட வேண்டும். கணக்குப்படி 1 பிபிஎம் குளோரினுக்கு 1.34 பிபிஎம், நடைமுறையில் 3 போடுங்கள். 5 கிலோலிட்டருக்கு மணிக்கு 15 கிராம். கரைசல் காற்றுப் பட்டால் வீரியம் இழக்கும், இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்காமல் புதிதாகக் கரையுங்கள். ஓஆர்பி மீட்டர் (குளோரின் மிச்சமிருந்தால் ஏறிக் காட்டும் கருவி) 200 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஹை பிரஷர் பம்ப் தானாக நிற்கும்படி இணையுங்கள். மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து டெஸ்ட்டை மட்டும் நம்பாமல் டிபிடி கிட் வாங்குங்கள். அது தனிக் குளோரினையும் அம்மோனியாவோடு சேர்ந்த குளோரினையும் பிரித்துக் காட்டும். சேர்ந்த குளோரினான குளோரமைனை ஆர்ஓ ஓரளவு தாங்கும், பாக்டீரியாவையும் அடக்கும். பெரிய ஆலைகளில் வேண்டுமென்றே 1 முதல் 3 பிபிஎம் வைத்து ஓட்டுகிறார்கள். ஆனால் தண்ணீரில் இரும்பு இருந்தால் குளோரமைனும் படலத்தை அரிக்கும். எப்போதும் கவனிக்க ஆள் இல்லாத அபார்ட்மெண்ட்டில் இந்த வழிக்குப் போக வேண்டாம்.

உப்புப் படிவு

75 சதவீதம் எடுத்தால் மிச்சத்தில் எல்லாமே நான்கு மடங்காகும். உள்ளே 35 பிபிஎம் சிலிக்கா என்றால் ரிஜெக்டில் 140. இந்த ஊர் வெப்பநிலையில் 120-ஐத் தாண்டினாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சிலிக்கா ஒருமுறை படிந்தால் எடுப்பது பெரும்பாடு. அப்படிப்பட்ட தண்ணீரென்றால் ரெக்கவரியை (நல்ல தண்ணீராக எடுக்கும் பங்கை) 65 சதவீதத்துக்கு இறக்குங்கள், அப்போது மூன்று மடங்குக்குள் நிற்கும். ஆன்டிஸ்கேலன்ட் பொதுவாக 2 முதல் 5 பிபிஎம். எது, எவ்வளவு என்பதை உங்கள் ரிப்போர்ட்டைக் கொடுத்துக் கணக்குப் போட்டு வாங்குங்கள், பாஸ்பேட் அளவையும் கட்டாயம் சொல்லுங்கள். கடைசியாக 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர். அதைக் காவலுக்கு மட்டுமே வைத்திருக்கிறோம். வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வந்தால் முன்னால் ஏதோ கோளாறு.

எஸ்டிஐ டெஸ்ட்

இவ்வளவும் சரியாக நடக்கிறதா என்று காட்டும் டெஸ்ட் இது. ஆர்ஓவுக்குப் போகும் தண்ணீர் ஒரு நுண்துளைப் பேப்பரை எவ்வளவு வேகமாக அடைக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் எஸ்டிஐ. 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள 0.45 மைக்ரான் வட்டப் பேப்பரை ஹோல்டரில் வைத்து, 2.1 பார் அழுத்தத்தில் தண்ணீரை விடுங்கள். முதல் 500 மில்லி நிரம்ப எத்தனை வினாடி என்று குறியுங்கள். தண்ணீரை நிறுத்தாமல் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி 500 மில்லி பிடியுங்கள். முதலில் 28 வினாடி, பிறகு 46 என்றால், 28-ஐ 46-ஆல் வகுத்து, அதை 1-லிருந்து கழித்து, நூறால் பெருக்கி, 15-ஆல் வகுத்தால் 2.6 வரும். 3-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 5-ஐத் தாண்டினால் ஆர்ஓவை ஓட்டக் கூடாது.

எண்ணைக் குறித்துவிட்டுப் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துரு நிறத்தில் ஒரே சீராக இருந்தால் இரும்பு, ஃபெரிக் அதிகமாகப் போகிறது அல்லது குழாய் துருப்பிடிக்கிறது. கரும்புள்ளிகள் என்றால் கார்பன் தூள். மங்கலான மஞ்சள், தொட்டால் விரலில் வழுக்கினால் அது ஏரேஷன் தொட்டியிலிருந்து வந்த பசை, மேலே சொன்ன ப்ளோயர் கதை. நான் அந்தப் பேப்பர்களைக் காய வைத்துத் தேதி போட்டு லாக்புக்கிலேயே ஒட்டச் சொல்வேன். மூன்று மாதப் பேப்பர்களை வரிசையாகப் பார்த்தால் ஆலையின் நாடி தெரியும்.

எப்போது கழுவ வேண்டும்?

தண்ணீர் அளவு 10 சதவீதம் குறைந்தால், அழுத்த வித்தியாசம் 15 சதவீதம் கூடினால், அல்லது உப்புக் கசிவு 5 முதல் 10 சதவீதம் கூடினால் கழுவுங்கள். ஒப்பிடும்போது வெப்பநிலையைக் கணக்கில் எடுங்கள். ஒரு டிகிரி குறைந்தால் சுமார் 3 சதவீதம் தண்ணீர் குறையும். ஏப்ரலில் 28 டிகிரி இருந்த தண்ணீர் பெங்களூரு ஜனவரியில் 22-க்கு வந்தால் 18 சதவீதம்போல அதனாலேயே போய்விடும். அதை அடைப்பு என்று நினைத்துக் கெமிக்கல் ஊற்ற வேண்டாம். கழிவுநீர் ஆர்ஓவை முதலில் காரத்தில், பிஎச் 11 முதல் 12 வரை கழுவுங்கள், பிறகு அமிலம். மாற்றிச் செய்தால் பசை இறுகிக்கொள்ளும்.

மெம்பிரேனை எப்போது மாட்டுவது?

ஆலை கட்டி முடித்த அன்றே எல்லாவற்றையும் மாட்டி, ரிப்பன் வெட்டி, பில் கையெழுத்து வாங்க ஒப்பந்தக்காரர்கள் அவசரப்படுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்ஓ மெம்பிரேன்கள் சீல் பிரிக்காமல் வெயில் படாத அறையில் அப்படியே இருக்கட்டும். ஹவுசிங்கை (மெம்பிரேன் உட்காரும் குழாயை) காலியாக விட்டு, மற்ற எல்லாவற்றையும் இரண்டு வாரம் ஓட்டுங்கள். காலையும் மாலையும் எஸ்டிஐ எடுங்கள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும், முடிந்தால் ஒரு கரண்ட் கட் நாளும் வரட்டும். பத்து நாள் தொடர்ந்து 3-க்குக் கீழே, டிபிடி கிட்டில் தனிக் குளோரின் சுழியம், ஓஆர்பி நிலையாக இருந்தால், அதற்கு மறுநாள் காலையில் குழாய்களையெல்லாம் நன்றாக அலசிவிட்டு சீலைப் பிரியுங்கள். முதல் ஒரு மணி நேரம் வரும் தண்ணீரைப் பிடிக்காமல் வடிகாலில் விட்டுவிட்டு, அன்றைய வெப்பநிலை, அழுத்தம், ஓட்டம், டிடிஎஸ் நான்கையும் லாக்புக்கின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.